கிளாஸ்ஃபிஷ் சர்வருக்குள் பிஎச்பி: குவெர்கஸ் வழியாக ஓட்டுவது எப்படி

பிஎச்பி பக்கம் ஓட ஜாவா சர்வர் தேவையே இல்லை. அபாச்சியோ என்ஜின்எக்ஸோ இருந்தால் போதும். கிளாஸ்ஃபிஷ் போன்ற பெரிய அப்ளிகேஷன் சர்வருக்குள் அதைக் கொண்டுபோய் வைக்க ஒரு நல்ல காரணம்தான் உண்டு: நிறுவனத்தின் கணக்கு, சம்பளம், சரக்கு இருப்பு எல்லாம் ஏற்கெனவே ஜாவாவில் ஓடிக்கொண்டிருக்கிறது, பிஎச்பியில் எழுதிய பக்கங்கள் அந்த ஜாவா கிளாஸ்களை நேரடியாகக் கூப்பிட வேண்டும். அந்தத் தேவை உங்களுக்கு இல்லையென்றால் நேராகக் கட்டுரையின் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள். அந்த வழி எளிது, பராமரிப்பும் குறைவு.

தேவை இருப்பவர்களுக்கான கருவி குவெர்கஸ். காச்சோ நிறுவனம் தன் ரெசின் சர்வருக்காக, முழுக்க ஜாவாவிலேயே எழுதிய பிஎச்பி இது. சி மொழியில் எழுதிய அசல் பிஎச்பியின் ஒரு வரிகூட இதில் ஓடாது. ஜாவா சர்வரைப் பொறுத்தவரை இது இன்னொரு சர்வ்லெட் (உலாவியின் கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா நிரல்), அவ்வளவுதான். கட்டற்ற பதிப்பு ஜிபிஎல் உரிமத்தில் கிடைக்கிறது. அது பக்கங்களை வரிவரியாகப் படித்து இயக்கும். பக்கங்களை ஜாவா பைட்கோடாக மாற்றி வேகமாக ஓட்டும் வசதி ரெசினின் கட்டணப் பதிப்பில் மட்டும்.

ஒரு குறிப்பு: கட்டளை, கோப்புப் பெயர்களை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறோம். திரையில் தட்டும்போது ஆங்கில எழுத்தில், கிடைக்கோடும் புள்ளியும் இருந்த இடத்திலேயே இருக்கும்படி தட்டுங்கள்.

எந்தப் பதிப்பு

புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இது. நேரம் வீணாவதும் இங்கேதான்.

குவெர்கஸின் 4.0 வரிசை "ஜாவாஎக்ஸ்.சர்வ்லெட்" என்ற பெயர்வெளியை (கிளாஸ் பெயர்களின் பொது முன்னொட்டை) நம்பி எழுதப்பட்டது. ஜாவா சர்வர்களுக்கான தரநிலையான ஜாவா ஈஇ, ஜகார்த்தா ஈஇ என்று பெயர் மாறி, அதன் 9ஆம் பதிப்பு வந்தபோது அந்தப் பெயர்வெளி முழுவதும் "ஜகார்த்தா.சர்வ்லெட்" என்று மாறிவிட்டது. எனவே ஜாவா சர்வர்களான கிளாஸ்ஃபிஷ் 6, பயாரா 6, டாம்கேட் 10 ஆகியவற்றிலும் அவற்றுக்குப் பிந்தியவற்றிலும் குவெர்கஸை அப்படியே போட்டால் ஓடாது. லாகில் (சர்வரின் பதிவுக் கோப்பில்) "நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர்" என்ற பிழையும், அதற்கு அருகிலேயே "ஜாவாஎக்ஸ்/சர்வ்லெட்" என்ற சொல்லும் தெரிந்தால் காரணம் இதுதான். வேறு எங்கும் தேட வேண்டாம். கிளாஸ்ஃபிஷ் 5.1 அல்லது பயாரா 5 எடுங்கள். டாம்கேட்தான் வேண்டுமென்றால் 9. டாம்கேட் 10ஐ விட முடியாத நிலை என்றால், வார் கோப்பை (வலை அப்ளிகேஷனை ஒன்றாகக் கட்டிய கோப்பை) "வெப்ஆப்ஸ்" ஃபோல்டரில் போடாமல் "வெப்ஆப்ஸ்-ஜாவாஈஇ" என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதில் போடுங்கள்; டாம்கேட்டே பெயர்வெளியை மாற்றி, "வெப்ஆப்ஸ்" ஃபோல்டருக்கு அனுப்பிவிடும்.

ஜாவா: கிளாஸ்ஃபிஷ் 5.1க்கு ஜேடிகே (ஜாவா நிறுவல் தொகுப்பு) 8. அதே கணினியில் ஜேடிகே 17 போன்ற புதியது இருந்தால் அதை நீக்கத் தேவையில்லை. கிளாஸ்ஃபிஷின் "கான்ஃபிக்" ஃபோல்டரில் "ஏஎஸ்இஎன்வி.கான்ஃப்" என்ற கோப்பு இருக்கும். அதன் கடைசியில் "ஏஎஸ்_ஜாவா" என்ற மாறியைச் சேர்த்து, ஜேடிகே 8 இருக்கும் ஃபோல்டரின் முழுப் பாதையை மதிப்பாகக் கொடுத்தால் கிளாஸ்ஃபிஷ் மட்டும் அதை எடுத்துக்கொள்ளும்.

பிஎச்பி: குவெர்கஸுக்குத் தெரிந்தது பிஎச்பி 5. பிஎச்பி 7இல் வந்த இரட்டைக் கேள்விக்குறி, சார்பின் அளவுருக்களுக்கு முன்னால் எழுதும் "இன்ட்", "ஸ்டிரிங்" போன்ற வகைக் குறிப்புகள் எல்லாம் பிழையாகவே வரும். கம்போசர் (பிஎச்பி நூலகங்களை இறக்கித் தரும் கருவி) வழியாக இன்று கிடைக்கும் தொகுப்புகளில் பெரும்பாலானவை பிஎச்பி 7 அல்லது 8ஐக் கேட்பவை. அவற்றை இங்கே நினைக்கவே வேண்டாம். சி மொழியில் எழுதிய கூடுதல் தொகுதிகளும் இல்லை: இமேஜிக் இல்லை, அயன்கியூப் பூட்டிய கோப்புகள் திறக்காது. பழைய, நீங்களே எழுதிய, மூலநிரல் கையில் இருக்கும் பக்கங்களுக்குத்தான் இந்த வழி.

பிஎச்பி 5.6க்கான பாதுகாப்புத் திருத்தங்களே 2018 டிசம்பரோடு நின்றுவிட்டன. இந்த அமைப்பை அலுவலக உள்வலையில் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தை நேராகப் பார்த்தபடி நிறுத்தாதீர்கள்.

சர்வரை எழுப்புதல்

கிளாஸ்ஃபிஷ் ஜிப் கோப்பாக வருகிறது. விரித்தால் "கிளாஸ்ஃபிஷ்5" என்ற ஃபோல்டர் கிடைக்கும். அதற்குள் "பின்" ஃபோல்டரில் இருக்கும் "ஏஎஸ்அட்மின்" தான் எல்லா வேலைக்கும் ஒரே கருவி. "ஏஎஸ்அட்மின் ஸ்டார்ட்-டொமைன்" என்றால் "டொமைன்1" (கிளாஸ்ஃபிஷோடு ஆயத்தமாக வரும் டொமைன், அதாவது சர்வர் அமைப்பு) எழுந்துவிடும். பக்கங்கள் 8080 போர்ட்டில், நிர்வாகத் திரை 4848இல். 8080இல் ஏற்கெனவே ஒரு டாம்கேட் உட்கார்ந்திருந்தால் கிளாஸ்ஃபிஷ் எழாது. அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

அட்மின் கணக்குக்குத் தொடக்கத்தில் கடவுச்சொல் இல்லை. "சேஞ்ச்-அட்மின்-பாஸ்வேர்ட்" கட்டளையால் ஒன்றை வையுங்கள். வேறு கணினியிலிருந்து நிர்வாகத் திரையைத் திறக்க "எனேபிள்-செக்யூர்-அட்மின்" கொடுத்து டொமைனை மறுபடி எழுப்ப வேண்டும். கடவுச்சொல் காலியாக இருந்தால் அந்தக் கட்டளை மறுத்துவிடும்.

குவெர்கஸை உள்ளே வைத்தல்

குவெர்கஸ் வார் கோப்பாகக் கிடைக்கிறது. அதை அப்படியே டிப்ளாய் செய்யலாம் (சர்வரில் நிறுவி ஓட விடலாம்), ஆனால் செய்யாதீர்கள். கிளாஸ்ஃபிஷ் வாரைத் தன் "அப்ளிகேஷன்ஸ்" ஃபோல்டருக்குள் விரித்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை டிப்ளாய் செய்யும்போது பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாக விரிக்கும். பயனர்கள் பிஎச்பி பக்கம் வழியாக ஏற்றிய படங்களும் பிடிஎஃப்களும் அந்த ஃபோல்டருக்குள் இருந்தால் அவையும் போய்விடும். எச்சரிக்கை எதுவும் வராது.

அதற்குப் பதில் வாரை நீங்களே ஒரு ஃபோல்டரில் விரியுங்கள். "எஸ்ஆர்வி" என்பதன் கீழ் "கணக்கு" என்று ஒரு ஃபோல்டர் என்று வைத்துக்கொள்வோம். வார் கோப்பு வெறும் ஜிப் தான். "ஜார்" கருவியோ சாதாரண அன்ஜிப்போ விரித்துவிடும். உள்ளே ஒரு "இண்டெக்ஸ்.பிஎச்பி", "வெப்-இன்ஃப்" ஃபோல்டர், அதற்குள் "வெப்.எக்ஸ்எம்எல்", "லிப்" ஃபோல்டரில் ஜார் கோப்புகள் (ஜாவா கிளாஸ்களைக் கட்டிய பொதிகள்) இருக்கும். பிறகு "ஏஎஸ்அட்மின் டிப்ளாய்" கட்டளையில் "கான்டெக்ஸ்ட்ரூட்" என்ற விருப்பத்துக்கு "கணக்கு" என்று கொடுத்து, கடைசியில் வாரின் பெயருக்குப் பதிலாக அந்த ஃபோல்டரின் பாதையைக் கொடுங்கள். ஃபோல்டரை இப்படிக் காட்டி டிப்ளாய் செய்தால் கிளாஸ்ஃபிஷ் நகல் எடுக்காமல் அங்கிருந்தே ஓட்டும். அன்டிப்ளாய் செய்தாலும் உங்கள் கோப்புகளைத் தொடாது. பிஎச்பி கோப்பைத் திருத்திச் சேமித்தால் சர்வரை நிறுத்தி எழுப்பாமலே மாற்றம் தெரியும்.

உலாவியில் 8080 போர்ட், கணக்கு, இண்டெக்ஸ்.பிஎச்பி என்று திறந்தால் குவெர்கஸின் வாழ்த்துப் பக்கம் வர வேண்டும். வாழ்த்துக்குப் பதில் பிஎச்பி நிரலே எழுத்தாகத் தெரிந்தால் சர்வ்லெட் பொருத்தம் (எந்த முகவரியை எந்த சர்வ்லெட் கவனிக்கும் என்ற விதி) இல்லை என்று பொருள். "வெப்.எக்ஸ்எம்எல்" கோப்பில் குவெர்கஸ் சர்வ்லெட்டின் முழுப் பெயர் இருக்கிறதா, நட்சத்திரக்குறி, புள்ளி, பிஎச்பி என்ற பொருத்தம் அதோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

டிப்ளாய் கட்டத்திலேயே பிழை வந்தால் பெரும்பாலும் ஜார் மோதல்தான். கிளாஸ்ஃபிஷ் முழு ஜாவா ஈஇ சர்வர் என்பதால் மின்னஞ்சலுக்கான ஜாவாமெயிலும், சிடிஐ (பீன் எனப்படும் பொருள்களைத் தானே உருவாக்கி இணைக்கும் வசதி) கிளாஸ்களும் அதனிடமே உண்டு. குவெர்கஸ் வாரும் தன் பங்குக்கு "ஜாவாமெயில்", "இன்ஜெக்ட்" என்று தொடங்கும் ஜார்களைச் சுமந்து வருகிறது. லாகில் "லிங்கேஜ்எரர்" என்றோ "வெல்ட்" என்று தொடங்கும் எண்ணுடனோ பிழை தெரிந்தால் அந்த இரண்டையும் "லிப்" ஃபோல்டரிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிட்டு மறுபடி டிப்ளாய் செய்யுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் டிப்ளாய் கட்டளையின் "ப்ராப்பர்ட்டி" விருப்பத்தில் "இம்ப்ளிசிட்சிடிஐஎனேபிள்ட்" என்பதை "ஃபால்ஸ்" ஆக்குங்கள். கிளாஸ்ஃபிஷ் ஒவ்வொரு ஜாரையும் பீன் தேடித் துழாவுவதை நிறுத்திவிடும். லாக் இருக்கும் இடம்: "டொமைன்ஸ்", "டொமைன்1", "லாக்ஸ்", அதற்குள் "சர்வர்.லாக்". பிஎச்பி பிழைகளையும் முதலில் இதில்தான் தேட வேண்டும்.

டேட்டாபேஸ்

பிஎச்பி நிரலில் மைஎஸ்கியூஎல் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதி வைக்கும் பழக்கத்துக்கு இங்கே விடை கொடுத்துவிடலாம். இணைப்பைக் கிளாஸ்ஃபிஷ் வைத்துக்கொள்ளட்டும்.

மைஎஸ்கியூஎல் கனெக்டர்/ஜேயின் (ஜாவாவிலிருந்து மைஎஸ்கியூஎல்லோடு பேசும் நூலகத்தின்) 5.1 வரிசை ஜாரை "டொமைன்1" கீழ் உள்ள "லிப்" ஃபோல்டரில் வைத்து டொமைனை மறுபடி எழுப்புங்கள். 8ஆம் வரிசையில் கிளாஸ்களின் பெயர் மாறிவிட்டதால் குவெர்கஸ் காலத்து நிரலுக்கு 5.1 தான் பொருத்தம். அடுத்து "கிரியேட்-ஜேடிபிசி-கனெக்ஷன்-பூல்"; பூல் என்பது பக்கங்கள் பகிர்ந்துகொள்ளும் டேட்டாபேஸ் இணைப்புகளின் தொகுப்பு. இதில் பயனர், கடவுச்சொல், யூஆர்எல் ஆகியவற்றை "ப்ராப்பர்ட்டி" விருப்பத்தில் முக்காற்புள்ளியால் பிரித்து எழுத வேண்டும். யூஆர்எல்லுக்குள்ளேயே முக்காற்புள்ளிகள் வருமே, அவை ஒவ்வொன்றுக்கும் முன்னால் பின்சாய்வுக்கோடு போட வேண்டும். போடாவிட்டால் யூஆர்எல் பாதியில் அறுந்து, புரியாத பிழை ஒன்று வரும். இதோடு மல்லுக்கட்ட விருப்பம் இல்லாதவர்கள் 4848 நிர்வாகத் திரையில் பெட்டிகளை நிரப்பியே பூலை உருவாக்கலாம். முதல் முறைக்கு அதுவே மேல். பிறகு "பிங்-கனெக்ஷன்-பூல்" கொடுத்து இணைப்பு கிடைக்கிறதா என்று பாருங்கள். இது தேறாமல் பிஎச்பி பக்கம் போகாதீர்கள். கடைசியாக "கிரியேட்-ஜேடிபிசி-ரிசோர்ஸ்" மூலம் அந்தப் பூலுக்கு "ஜேடிபிசி/கணக்கு" போல ஒரு பெயர்.

இப்போது "வெப்.எக்ஸ்எம்எல்" கோப்பில், குவெர்கஸ் சர்வ்லெட்டுக்குள் "டேட்டாபேஸ்" என்ற தொடக்க அளவுருவைச் சேர்த்து அந்தப் பெயரை மதிப்பாகக் கொடுங்கள். அதன்பின் எந்தப் பக்கம் "மைஎஸ்கியூஎல்_கனெக்ட்" என்று கூப்பிட்டாலும், அடைப்புக்குறிக்குள் என்ன எழுதியிருந்தாலும், கிளாஸ்ஃபிஷின் பூலிலிருந்துதான் இணைப்பு போகும். பழைய நிரலில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம். ஆனால் ஒரே தளம் இரண்டு டேட்டாபேஸ்களோடு பேசினால் இந்த அளவுரு வில்லங்கம். இரண்டு கூப்பிடலும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேரும்.

ஜாவாவைக் கூப்பிடுதல்

இவ்வளவு பாடும் இதற்காகத்தான். உங்கள் ஜாவா ஜாரை "வெப்-இன்ஃப்" கீழுள்ள "லிப்" ஃபோல்டரில் வைத்துவிட்டு, பிஎச்பி கோப்பின் மேலே ஜாவாவில் எழுதுவது போலவே "இம்போர்ட்" வரி எழுதுங்கள். அதன்பின் "நியூ" போட்டு அந்தக் கிளாஸில் ஒரு பொருளை உருவாக்கி, வழக்கமான பிஎச்பி அம்புக்குறியால் அதன் செயல்களைக் கூப்பிடலாம். ஜாவா திருப்பித் தரும் பட்டியலை "ஃபார்ஈச்" போட்டுச் சுற்றலாம். "கெட்நேம்" என்ற செயல் இருந்தால் அம்புக்குறிக்குப் பின் "நேம்" என்று மட்டும் எழுதினாலும் போதும். ஈஜேபி (சர்வரே நிர்வகிக்கும் ஜாவா கூறு) வேண்டுமென்றால் ஜாவாவின் "இனிஷியல்கான்டெக்ஸ்ட்" கிளாஸை இம்போர்ட் செய்து, அதன் "லுக்அப்" செயலுக்கு "ஜாவா:குளோபல்" என்று தொடங்கும் பெயரைக் கொடுங்கள்.

ஒரே பெயரில் பல வடிவங்கள் உள்ள ஜாவா செயலைக் கூப்பிடும்போது மட்டும் கவனம். படிவத்திலிருந்து வரும் எண் பிஎச்பிக்கு எழுத்துச்சரம். எண்ணை வாங்கும் வடிவமும் சரத்தை வாங்கும் வடிவமும் இருந்தால் சரத்துக்கானது கூப்பிடப்படலாம். முன்னால் "இன்ட்" என்று வகைமாற்றம் போட்டே அனுப்புங்கள்.

எல்லோரும் அடுத்துக் கேட்பது லாகின். ஜாவா பக்கத்தில் நுழைந்த பயனரைப் பிஎச்பி எப்படி அறியும்? பிஎச்பியின் "செஷன்" மாறியைத் திறந்தால் காலியாக இருக்கும். காரணம், குவெர்கஸ் "பிஎச்பிசெஸ்ஐடி" குக்கியில் தனக்கென ஒரு செஷன் நடத்துகிறது, சர்வரோ "ஜேசெஷன்ஐடி" குக்கியில் வேறொன்று. ஒன்று மற்றதை எட்டிப் பார்க்காது. "குவெர்கஸ்_கெட்_ரிக்வெஸ்ட்" என்ற சார்பைக் கூப்பிட்டால் ஜாவாவின் ரிக்வெஸ்ட் பொருளே கையில் கிடைக்கும். அதில் "கெட்செஷன்", அதில் "கெட்அட்ரிப்யூட்" என்று போனால் ஜாவா பக்கம் வைத்த பயனர் பொருள் வந்துவிடும். "கெட்செஷன்" கூப்பிடும்போது "ஃபால்ஸ்" கொடுங்கள். இல்லையென்றால் நுழையாத ஆளுக்கும் புதிதாக ஒரு செஷன் திறந்துவிடும். இன்னொன்று: ஜாவா சர்வரில் செஷன் ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் தனித்தனி. ஜாவா பக்கங்கள் ஒரு வாரிலும் பிஎச்பி இன்னொன்றிலும் இருந்தால் மேலே சொன்னது எதுவும் பலிக்காது. இரண்டும் ஒரே அப்ளிகேஷனுக்குள் இருக்க வேண்டும்.

தமிழ் எழுத்து

"ஸ்டிர்லென்" சார்புக்குத் "தமிழ்" என்ற சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். 15 என்று வந்தால் குவெர்கஸ் பைட்டுகளை எண்ணுகிறது. 5 என்று வந்தால் யூனிகோட் குறியீடுகளை எண்ணுகிறது. பைட் நிலையில் இருக்கும்போது பக்கத்தில் தமிழ் ஒழுங்காகவே தெரியும். ஜாவா செயலுக்கு அதை அனுப்பும்போதுதான் கோளாறு வெளிப்படும், ஒவ்வொரு பைட்டும் தனி எழுத்தாகப் போய்ச் சேர்ந்து பெயர் சிதைந்திருக்கும்.

சரிசெய்ய, சர்வ்லெட்டின் "ஸ்கிரிப்ட்-என்கோடிங்" அளவுருவுக்கு யூடிஎஃப்-8 கொடுங்கள். "ஐஎன்ஐ-ஃபைல்" அளவுருவில் ஒரு "பிஎச்பி.ஐஎன்ஐ" கோப்பைக் காட்டி, அதில் "யூனிகோட்.செமான்டிக்ஸ்" என்பதை "ஆன்" ஆக்குங்கள். ஓடும் பக்கத்துக்குள்ளிருந்து இதை மாற்ற முடியாது, தொடக்கத்திலேயே இருக்க வேண்டும். இதற்கு ஒரு விலை உண்டு: பழைய நிரலில் எங்காவது "ஸ்டிர்லென்" போட்டு "கான்டென்ட்-லெங்த்" தலைப்பை அனுப்பியிருந்தால், 15 பைட் உள்ள இடத்தில் 5 என்று அறிவித்து, உலாவி பக்கத்தைப் பாதியில் வெட்டிவிடும். அந்தத் தலைப்பு அனுப்பும் வரியை நீக்கிவிடுங்கள். நீளத்தைச் சர்வரே பார்த்துக்கொள்ளும். மைஎஸ்கியூஎல் பக்கம், பூலின் யூஆர்எல்லில் "கேரக்டர்என்கோடிங்" யூடிஎஃப்-8 என்று இருக்கட்டும். அட்டவணைக்கு "யூடிஎஃப்8எம்பி4" வையுங்கள். தமிழுக்கு 3 பைட் போதும், எமோஜிக்கு 4 தேவை.

அபாச்சியிலிருந்து தளத்தை மாற்றும்போது

புள்ளி எச்டிஅக்சஸ் கோப்பு (அபாச்சி ஃபோல்டர்களுக்குத் தடையும் விதிகளும் எழுதும் கோப்பு) இங்கே வெறும் காகிதம். கிளாஸ்ஃபிஷ் அதைப் படிக்காது. ஆகவே அது பூட்டியிருந்த எல்லாம் திறந்துகொள்ளும்: ".இன்க்" என்று முடியும் அமைப்புக் கோப்புகளைக் கடவுச்சொல்லோடு அப்படியே உலாவிக்கு எழுத்தாகக் கொடுத்துவிடும். அவற்றை எல்லாம் "வெப்-இன்ஃப்" ஃபோல்டருக்குள் தள்ளி, "இன்க்ளூட்" பாதைகளைத் திருத்துங்கள். அந்த ஃபோல்டரை எந்த ஜாவா சர்வரும் வெளியே காட்டாது. "கிட்" ஃபோல்டர், டேட்டாபேஸ் காப்புக் கோப்புகள் கிடக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள்.

முகவரி மாற்றும் விதிகளுக்கு டக்கியின் யூஆர்எல்ரீரைட்ஃபில்டரைப் பொருத்தி, விதிகளை "யூஆர்எல்ரீரைட்.எக்ஸ்எம்எல்" கோப்பில் புதிதாக எழுத வேண்டும். "இண்டெக்ஸ்.பிஎச்பி" என்பதற்குப் பின்னும் சாய்வுக்கோடு போட்டுப் பாதை தொடரும் முகவரிகள் 404 தரும். சர்வ்லெட் விதிப்படி "நட்சத்திரக்குறி, புள்ளி, பிஎச்பி" போன்ற கோப்பு நீட்டிப்புப் பொருத்தம் முகவரியின் கடைசித் துண்டை மட்டும் பார்க்கிறது, அங்கே பிஎச்பி இல்லையே. "சாய்வுக்கோடு, இண்டெக்ஸ்.பிஎச்பி, சாய்வுக்கோடு, நட்சத்திரக்குறி" என்று இரண்டாவது பொருத்தம் ஒன்றைச் சேர்த்தால் தீரும்.

சில பேர் சேர்ந்து பார்த்ததும் தளம் நின்றால்

கிளாஸ்ஃபிஷின் "எச்டிடிபி-த்ரெட்-பூல்" (கோரிக்கைகளைக் கவனிக்கும் த்ரெட்களின், அதாவது இணையாக ஓடும் வேலை இழைகளின் தொகுப்பு) ஒரே நேரத்தில் 5 வேலை மட்டுமே எடுக்கும்படி வருகிறது. 5 பேர் மெதுவான அறிக்கைப் பக்கத்தைத் திறந்தால் 6ஆவது ஆள் வரிசையில் நிற்பார். நிர்வாகத் திரையில் "சர்வர்-கான்ஃபிக்", "த்ரெட் பூல்ஸ்" என்று போய் இதைக் கூட்டலாம். கூட்டும்போது டேட்டாபேஸ் பூலையும் சேர்த்துப் பாருங்கள்: அதன் தொடக்க உச்சவரம்பு 32. த்ரெட்டை 100 ஆக்கிவிட்டுப் பூலை 32இல் விட்டால், மீதிப் பக்கங்கள் இணைப்புக்காக 60 விநாடி காத்திருந்து பிழையோடு விழும். இரண்டையும் 40 என்று வைத்தால் சிறிய அலுவலகத்துக்குப் போதும். மைஎஸ்கியூஎல்லின் வழக்கமான வரம்பான 151க்குள் அடங்கும். நினைவகமும் 512 எம்பி என்றுதான் வருகிறது. ஜேவிஎம் ஆப்ஷன்ஸில் 1024 ஆக்கி டொமைனை மறுபடி எழுப்புங்கள்.

ஜாவாவை நேரடியாகக் கூப்பிடத் தேவையில்லையென்றால்

மேலே உள்ள எதுவும் வேண்டாம். இன்றைய பிஎச்பி 8ஐ எஃப்பிஎம் ஆக (தனிச் சேவையாக ஓடும் பிஎச்பி வடிவமாக) 9000 போர்ட்டில் ஓட விடுங்கள். கிளாஸ்ஃபிஷ் தன் 8080இல் இருக்கட்டும், எந்தப் புதிய பதிப்பாக இருந்தாலும் சரி. இரண்டுக்கும் முன்னால் என்ஜின்எக்ஸ். ஜாவா அப்ளிகேஷனின் பாதையை 8080க்கும், பிஎச்பி என்று முடியும் முகவரிகளை 9000க்கும் அது அனுப்பும். இரண்டு போர்ட்டும் 127.0.0.1இல் மட்டும் கேட்கும்படி வையுங்கள்.

லாகினைப் பகிர, ஜாவா பக்கம் செஷனைப் பார்த்துப் பயனர் பெயரை ஜேசானில் தரும் ஒரு சின்ன முகவரி எழுதுங்கள். பிஎச்பி தனக்கு வந்த "ஜேசெஷன்ஐடி" குக்கியை அதனிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளும். அந்தக் குக்கி வழக்கமாக ஜாவா அப்ளிகேஷனின் பாதைக்கு மட்டும் அனுப்பப்படும் என்பதால், "வெப்.எக்ஸ்எம்எல்" கோப்பின் "குக்கி-கான்ஃபிக்" பகுதியில் பாதையை வெறும் சாய்வுக்கோடாக்க வேண்டும். அந்தச் சின்ன முகவரியை வெளியாட்கள் கூப்பிடாமல் தடுக்க, ஜாவா நிரலில் "127.0.0.1இலிருந்து வந்தால் மட்டும்" என்று நிபந்தனை எழுதிப் பயனில்லை: என்ஜின்எக்ஸ் வழியாக வரும் எல்லாக் கோரிக்கையும் 127.0.0.1இலிருந்து வந்தது போலத்தான் தெரியும். தடையை என்ஜின்எக்ஸிலேயே, அந்தப் பாதைக்கு 403 தரும்படி போடுங்கள். பிஎச்பி 8080ஐ நேராகக் கூப்பிடுவதால் அதற்கு இந்தத் தடை பொருந்தாது.